வன்னியில் ஒரு துண்டு நிலம்

கையிலே சிறிது பணம் சேர்ந்துவிட்டால் அதனைக் காணியிற் போட்டுவைக்க வேண்டும் என்னும் ஆசை நம்மவர்க்கு இயல்பாகவே எழுகின்றது. பொன்னைக் கள்வன் கொண்டுபோவான். வங்கியில் இட்ட பணத்தை விலைவாசி தின்றுவிடும். நிலமோ இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது பெரியோர் சொல்லிவந்த நியாயம். 2022 ஆம் ஆண்டிலே சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, வாழ்நாட் சேமிப்பு கண்ணெதிரே கரைந்ததைக் கண்டவர்கள் இந்த நியாயத்தை இன்னும் உறுதியாகப் பற்றிக்கொண்டார்கள். அவர்களுள் பலரின் கண் இப்போது வன்னிப் பெருநிலத்தின் மீது விழுந்திருக்கின்றது.

அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. 2002 ஆம் ஆண்டிலே கண்டி வீதி திறக்கப்பட்டது. 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த பின்னரே முழுமையாகத் திறந்தது. 2013 செப்டெம்பரிலே புகையிரதம் கிளிநொச்சியை எட்டியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தது. வீதி வந்தால் கடை வரும். கடை வந்தால் வங்கி வரும். வங்கி வந்தால் காணித் தரகரும் வந்துவிடுவார். நேற்றுவரை பாலையும் வீரையும் நின்ற காட்டோரத்திலே இன்று கயிறு கட்டி, துண்டு துண்டாக எண்ணிட்டு, விளம்பரப் பலகை நாட்டியிருக்கிறார்கள்.

காணி அலுவல்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற காரணத்தால் என்னிடம் வந்து ஆலோசனை கேட்கும் இளைஞர் பலர். எல்லாரும் முதலிற் கேட்பது ஒரே கேள்விதான்: “எந்த ஊரில் வாங்கினால் விலை ஏறும்?” இக்கேள்வி தவறானதன்று, ஆனால் இது மூன்றாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. முதலாவது கேள்வி, ‘இந்த நிலம் யாருடையது?’ என்பது. இரண்டாவது, ‘அதைச் சொல்லும் பத்திரம் எத்தகையது?’ என்பது. இவ்விரண்டுக்கும் விடை காணாமல் மூன்றாவதற்கு ஓடுபவன் ஆழமறியாமற் காலை விட்டவனே ஆவான்.

நிலம் யாருடையது?

இலங்கைத் தீவின் நிலப்பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேற்பட்டது அரசுக்குரியது. இந்த உண்மையை மனத்தில் இருத்தாமல் வன்னியிற் காணி வாங்கப் புறப்படலாகாது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் செய்கை பண்ணப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்று விதித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வேலிக்கு வேலி குடியிருப்பு. அங்கே தனியார் உறுதி மலிந்தது. வன்னியிலோ நிலைமை வேறு. 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கைந்நூல் எழுதிய காலத்தில், இது குடிசனம் அருகிய காட்டுநாடு. காடாய்க் கிடந்தது அரசுக்கு ஆயிற்று.

பின்னர் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 1935 ஆம் ஆண்டிலே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. நிலமற்ற குடியானவனுக்கு அரசு நிலம் கொடுக்கும். ஆனால் அவன் அதை விற்றுவிட்டு மீண்டும் நிலமற்றவனாகிவிடக் கூடாது என்பதே அச்சட்டத்தின் உயிர்நிலை. அடுத்த ஆண்டு, 1936 இல், யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டுக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. தீவுப்பகுதியிலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் வந்தவர்கள் யானைக்கும் காய்ச்சலுக்கும் ஈடுகொடுத்துக் காடு வெட்டினார்கள். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடில் அமைத்தார்கள். இவர்களிற் பலர் கையிலிருப்பது அனுமதிப்பத்திரம். சிலர் கையில் அதுவும் இல்லை. வன்னியின் காணிப் பிரச்சினை முழுவதும் இந்த வரலாற்றுக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கின்றது.

பத்திரம் எத்தகையது?

புதிதாக வாங்க வருபவர் மூன்று வகைப் பத்திரங்களைப் பிரித்தறியப் பழகவேண்டும். முதலாவது, தனியார் உறுதி. நொத்தாரிசு முன்னிலையிலே, இரு சாட்சிகள் ஒருங்கே இருக்க, எழுதிக் கையொப்பமிட்டு அத்தாட்சிப்படுத்தப்பட்டது இது. இவ்விதி 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருந்துவருகின்றது. வாய்ப்பேச்சும், வெள்ளைத்தாளில் எழுதிய ஒப்பந்தமும், முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டும் காணியுரிமையை மாற்றமாட்டா.

இரண்டாவது, அளிப்புப் பத்திரம். அனுமதிப்பத்திர நிபந்தனைகளை நிறைவேற்றியவர்க்கு அரசு வழங்குவது. இதை விற்கலாம், ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். அனுமதி பெறாமல் எழுதிய உறுதி வெறுந்தாள்.

மூன்றாவது, ஊரார் ‘பேர்மிட்’ என்று சொல்லும் அனுமதிப்பத்திரம். இது உடைமையன்று, இருந்து பயிர் செய்வதற்கான இசைவு மாத்திரமே. பேர்மிட் காணியை விற்க இயலாது. பெற்றவர் இறந்தால் வாழ்க்கைத்துணை அனுபவிப்பார். அவருக்குப் பின் நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளிக்குச் சேரும். நியமனம் இல்லாதபோது ஆண்மக்களுக்கு முன்னுரிமை என்றிருந்த பழைய ஒழுங்கு 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கியது. 2024 இல் ‘உறுமய’ என்னும் திட்டத்தின் கீழ் இத்தகைய காணிகளுக்குத் தனியுடைமை உறுதி வழங்கும் முயற்சி தொடங்கப்பட்டது. ஆயினும், நாளை உறுதி வரும் என்ற நம்பிக்கையில் இன்று பேர்மிட்டுக்குப் பணங்கொடுப்பவர், பிறவாத கன்றுக்குக் கயிறு திரிப்பவரே.

இவ்வளவு தெளிவான தடையிருந்தும் வன்னியில் பேர்மிட் காணிகள் கைமாறாமலா இருக்கின்றன? மாறுகின்றன. ஒரு சத்தியக் கடதாசி, ஓர் அற்றோர்னித் தத்துவம், கிராமத்துப் பெரியவர் ஒருவரின் சாட்சிக் கையொப்பம் ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் வைத்து, “எல்லாம் சரி” என்று தரகர் சொல்லிவிடுவார். அற்றோர்னித் தத்துவம் கொடுத்தவர் கண்மூடிய அன்றே அத்தத்துவமும் கண்மூடிவிடும் என்பதை அவர் சொல்வதில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன், எனக்கு மருமகன் முறையான ஓர் இளைஞன் இத்தகைய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தான். தனியார் நிறுவனமொன்றில் வேலை. மனைவியின் நகை ஒரு பகுதியும் தன் சேமிப்புமாகப் பதினைந்து இலட்சம் ரூபா சேர்த்திருந்தான். “மாமா, வாய்க்காலோரம் இரண்டு ஏக்கர். பக்கத்துக் காணி விலையிலே அரைவாசிதான்,” என்றான். கோப்பைப் புரட்டினேன். பேர்மிட் ஒரு மனிதர் பெயரில் இருந்தது. அவர் 2009 இல் இறந்தவர். விற்க இருந்தவர் அவருடைய மனைவி. மகளின் படிப்புக்கும் கடனுக்கும் பணம் வேண்டியிருந்தது அந்த அம்மாவுக்கு.

“அரைவிலைக்கு ஏன் தருகிறார்கள் என்று கேட்டாயா?” என்றேன்.

“அவசரமாம்.”

“அவசரம் அவர்களுக்கு. உனக்கென்ன அவசரம்?” என்றேன்.

இருவருமாக அவ்வம்மாவின் வீட்டுக்குச் சென்றோம். அவரைப் பேசவிட்டுக் கேட்டபோதுதான் உண்மை வெளியாயிற்று. கணவர் இறந்தபின் காணி தம்முடைய அனுபவத்துக்கு வந்துவிட்டது என்பதே அவருக்குத் தெரியாது. பேர்மிட்டில் தம் பெயர் இல்லை. ஆகவே என்றைக்காவது யாராவது வந்து பறித்துவிடுவார்கள். அதற்கு முன் கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்பதே அவருடைய எண்ணம். அந்த அச்சத்துக்குத்தான் தரகர் அரைவிலை போட்டிருந்தார்.

மருமகன் அக்காணியை வாங்கவில்லை. மறுவாரம், கணவரின் இறப்புப் பத்திரத்தையும் விவாகப் பதிவையும் எடுத்துக்கொண்டு அவ்வம்மாவைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துச் சென்று பின்னுரிமைக்கு விண்ணப்பிக்க வைத்தான். அவன் பிற்பாடு வாங்கியது வேறோர் ஊரில் நாலு பரப்பு உறுதிக்காணி. இரண்டு ஏக்கரெங்கே, நாலு பரப்பெங்கே என்று கேட்பவர் உண்டு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது கணக்கு. ஆனால் தனக்குரிய நாலு பரப்பு, தனக்குரியதல்லாத முப்பத்திரண்டு பரப்பிலும் பெரிது என்பது அதனினும் மேலான கணக்கு.

தோம்பு பார்த்தல்

உறுதிக்காணி என்றவுடன் வில்லங்கம் அற்றது என்று எண்ணிவிடலாகாது. காணிப் பதிவகத்துக்குச் சென்று தோம்பு பார்ப்பது, அதாவது ஏடுகளைப் புரட்டி உரிமைத்தொடரை அறிவது, இன்றியமையாதது. சாதாரணமாக முப்பது ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பது நொத்தாரிசுமார் வழக்கம். பிற இடங்களில் இது ஒரு நாள் வேலை. வன்னியிலே முப்பது ஆண்டு பின்சென்றால் எங்கே போய் நிற்போம்? 1995, 1996 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுக்குள்ளே போய் நிற்போம். கையொப்பமிட்டவர் எங்கே, சாட்சி எங்கே, நொத்தாரிசின் மூலப்பிரதி எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். மேலும் முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும்தான் தனி மாவட்டங்களாயின. ஆகையால் பழைய பதிவைத் தேடி யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அலைய நேரிடலாம். அலைச்சலுக்கு அஞ்சுபவர் காணி வாங்க அஞ்சவேண்டும்.

உறுதி எழுதியதும் உடனே பதியவேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பெறுமதி கொடுத்து வாங்கி, மோசடியின்றி, முந்திப் பதிந்தவனின் உறுதி, முந்தி எழுதிப் பதியாமல் விட்டவனின் உறுதியை வென்றுவிடும். உறுதியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது பாதுகாப்பன்று. ஏட்டிலே ஏற்றுவதே பாதுகாப்பு.

விற்பவர் தேசவழமைக்கு உட்பட்டவராயின் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். 1947 ஆம் ஆண்டின் முன்வாங்கும் உரிமைச் சட்டத்தின்படி, பங்காளிகளுக்கும் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் அறிவித்தல் கொடுத்த பின்னரே பிறர்க்கு விற்கலாம். மணமான பெண் தன் காணியை விற்பதாயின், 1911 ஆம் ஆண்டுச் சட்டம் கணவனின் எழுத்து மூல சம்மதத்தை வேண்டுகின்றது. இச்சட்டத்தின் நியாயம் பற்றி எனக்கும் முறைப்பாடு உண்டு. ஆனால் வாங்குபவர் சட்டம் மாறும்வரை அதற்குட்பட்டே நடக்கவேண்டும். பிரிபடாத பங்கு வாங்குவோர் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றையும் சேர்த்து வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்ப, ஊரில் இருக்கும் தம்பி வாங்குவது இப்பொழுது பெருவழக்காகிவிட்டது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகள் இந்நாட்டில் நிலம் வாங்குவதைத் தடுத்திருக்கின்றது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர்க்குத் தடையில்லை. கனடாப் பிரசையாகிவிட்ட அண்ணன், தம்பி பெயரில் உறுதி முடித்துவிட்டுத் தன் காணி என்று நம்பியிருப்பார். உறுதி யார் பெயரிலோ உரிமை அவரிடமே. தம்பி இருக்கும்வரை பாசம் காக்கும். தம்பியின் பிள்ளைகள் காலத்தில் நீதிமன்றம் தான் தீர்க்கவேண்டும்.

மண்ணைக் கண்ணாற் காணல்

பத்திரம் சரியானால், அடுத்து மண்ணைப் பார்க்கவேண்டும். வெயில் காலத்தில் ஒரு தடவை, மாரியில் ஒரு தடவை பார்த்தல் நன்று. 2018 டிசெம்பரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் எங்கெங்கே நின்றதென்று அயலாரைக் கேட்டால் தரகர் சொல்லாத பலவற்றை அறியலாம். கிணற்று நீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். கரையோரங்களிலும் பூநகரிப் பக்கத்திலும் உவர்நீர் பெருந்தொல்லை. அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கற்களைச் சரிபார்க்க வேண்டும். குளத்தின் நீரேந்து பரப்பு, வாய்க்கால் ஒதுக்கம், வீதி ஒதுக்கம் ஆகியவற்றுள் காணி அகப்பட்டிருக்கின்றதா என்று பிரதேச செயலகத்திலும், ஒதுக்கக் காடா என்று வன இலாகாவிலும் வினவவேண்டும். வயற்காணியாயின் கமநல சேவை நிலையத்தின் இடாப்பைப் பார்த்தல் அவசியம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்பிக் கட்டடம் எழுப்ப முடியாது. வயலை வாங்கி வீட்டு நிலமாக விற்றுக் கொள்ளை இலாபம் பெறலாம் என்று கணக்குப் போடுபவர் இந்த ஒரு வரியை இருமுறை வாசிப்பாராக.

காணிக்குள் யாராவது குடியிருந்தால் அவரிடம் நேரிற் பேசுங்கள். “அவர்களை நான் எழுப்பித் தருகிறேன்” என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள். இருபது வருடம் ஓரிடத்தில் அடுப்பெரித்தவர்க்குச் சட்டத்திலும் ஏதோ ஓர் உரிமை இருக்கும்; தருமத்திலே நிச்சயமாக இருக்கும்.

கணக்கு

இப்பொழுது மூன்றாவது கேள்விக்கு வருவோம். பதினைந்து இலட்சம் ரூபாவுக்கு ஒரு காணி என்று கொள்வோம். விற்பனை உறுதிக்கு முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை. ஆக 59,000 ரூபா. அதன்மேல் நொத்தாரிசின் ஊதியம், அளவைச் செலவு, தரகு, வேலிச் செலவு. வன்னிமண் இரண்டு மாரி கவனியாது விட்டால் காடாகிவிடும். ஆகவே ஆண்டுதோறும் துப்புரவுச் செலவு. கடன்பட்டு வாங்கினால், வட்டி 12 வீதம் எனக் கொண்டால், ஆறு ஆண்டுகளில் காணியின் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானாற்றான் போட்ட பணம் நட்டமின்றித் திரும்பும். வெறுங்காணி மாதாமாதம் எதுவும் தராது. அவசரத்துக்கு விற்கப்போனால் வாங்க ஆள் வராது. ஆகையினாலே முதன்முதலாக வாங்குபவர் கடன்படாமல், நகையை அடகுவையாமல், ஐந்தாறு ஆண்டுகள் தேவைப்படாத பணத்தைக்கொண்டு, சிறிய துண்டாக, தாம் அடிக்கடி சென்று பார்க்கக்கூடிய தூரத்தில், தென்னையோ பழமரமோ வைத்துச் சிறு வருவாயாவது காணக்கூடிய இடத்தில் வாங்குதலே புத்தி.

விலை ஏறும் இடத்தைப் பற்றி யான் அறிந்தது இவ்வளவே: நீரும் வீதியும் பாடசாலையும் உள்ள இடத்தில் மனிதர் வாழ விரும்புவர், மனிதர் வாழ விரும்பும் இடத்தில் விலை ஏறும். விளம்பரப் பலகை உள்ள இடத்தில் விலை ஏற்கெனவே ஏறிவிட்டது.

இன்னொரு கணக்கு

வன்னியிலே நிலத்தைச் சந்தைக் கணக்கினால் மாத்திரம் அளப்பதற்கில்லை. 2017 ஆம் ஆண்டு தொடக்கத்தில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்பு மக்கள், படையினர் வசமிருந்த தம் காணியைக் கேட்டு, பிள்ளைகளோடும் முதியவர்களோடும் ஒரு மாதகாலம் இரவும் பகலும் வீதியோரத்திலே இருந்தார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் காணி திரும்பக் கிடைத்தது. 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் நிலத்துக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அவை அரசுக்குரியனவாகும் என்றது. பத்திரத்தைப் போரில் இழந்தவரும், கடல் கடந்து போனவரும் மூன்று மாதத்துக்குள் எங்ஙனம் நிரூபிப்பர்? உச்ச நீதிமன்றம் ஜூன் மாத இறுதியில் அதனை இடைநிறுத்தியது.

இத்தகைய மண்ணிலே வாங்க வருபவர், தம் எதிரே இருப்பது சரக்கு அன்று, ஒரு குடும்பத்தின் கடைசிப் பிடிமானமாகவும் இருக்கலாம் என்பதை அறிந்து வரவேண்டும். மலிவாகக் கிடைக்கும் காணியைக் கண்டால் மகிழ்வதற்கு முன், மலிவுக்குக் காரணம் எது என்று கேட்கவேண்டும். பத்திரத்தின் குறையாயின் அது உங்களைக் கெடுக்கும்; விற்பவரின் அறியாமையாயின் அவரைக் கெடுத்து உங்களை வாழவைக்கும். இரண்டும் வேண்டாதவை. அறிந்து விற்பவரிடம், உரிய விலை கொடுத்து, வெளிச்சத்தில் எழுதி, உடனே பதிந்து வாங்கிய காணியே நிலைக்கும்.

நொத்தாரிசுக்கும் நில அளவையாளருக்கும் கொடுக்கும் பணத்தைச் செலவென்று எண்ணாதீர்கள். காணியிலிடும் முதலின் முதற்பகுதி அதுவே. பதிவகத்தின் வாசற்படியில் இரண்டு நாட் காத்திருக்கப் பொறுமை உள்ளவர்க்கு வன்னி மண் இடம் கொடுக்கும். பொறுமை இல்லாதவர் தம் பணத்தை வங்கியிலேயே விட்டுவைப்பது, அவர்க்கும் நன்று. அம்மண்ணிலே வாழ்பவர்க்கும் நன்று.